டேனிஷ் போடேகாவுக்கு முதன்முறை போகிறீர்களா? கதவு முதல் பகடை வரை முழுமையான வழிகாட்டி

டென்மார்க்கில் நான்கைந்து வருடம் இருந்தவர்கள்கூட ஒரு குறை சொல்வார்கள்: "இந்த ஊர்க்காரங்க முகம் கொடுத்தே பேச மாட்டாங்க." பாதி உண்மைதான். பேருந்தில் வேறு இடம் காலியாக இருந்தால் நம் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒரு "ஹை" சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார். அதே பக்கத்து வீட்டுக்காரர் தெருமுனையில் இருக்கும் போடேகா என்ற பழைய பாணி மதுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, முன்பின் தெரியாத ஆளிடம் தன் முழங்கால் அறுவை சிகிச்சையைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். டேனிஷ்காரர்கள் பேசாதவர்கள் இல்லை. பேசுவதற்கென்று ஓர் இடம் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த இடத்துக்கு எப்படிப் போவது, போனால் எப்படி இருந்துகொள்வது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நான் போய்ப் பழகியது ஃபியூன் தீவில் இருக்கும் ஓடென்ஸ நகரில். பீரின் பெயர் மாறுமே தவிர, ஆர்ஹூஸ், ஆல்போர்க், இன்னும் சின்னச் சின்ன ஊர்களிலும் வழக்கம் ஏறக்குறைய இதேதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடேகாவை ஒரு கடையாக நினைத்துப் போகாதீர்கள். யாரோ ஒருவருடைய வீட்டு முன்னறை என்று நினைத்துக்கொண்டு போங்கள். கீழே வருகிற ஒவ்வொரு விஷயத்துக்கும் வேர் அதில்தான் இருக்கிறது.

போடேகா என்பது எது

சொல் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு ஒயின் வைக்கும் நிலவறை என்று பொருள். டென்மார்க்கில் அது அக்கம்பக்கத்தார் கூடும் பழைய பாணி மதுக்கூடத்தின் பெயராகிவிட்டது. வேர்ட்ஸ்ஹூஸ் என்றும் சொல்வார்கள். பழுப்பு போடேகா என்று நிறத்தைச் சேர்த்துச் சொல்வதும் உண்டு. உள்ளே போனால் ஏன் என்று புரியும்: சுவரில் பாதி உயரத்துக்கு மரப்பலகை, மேலே பல பத்தாண்டுப் புகை ஏறிய சுவர், மேசைக்கு மேல் தாழ்வாகத் தொங்கும் மஞ்சள் விளக்கு. ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்து ஒரு குட்டைத் திரை இருக்கும். தெருவில் போகிறவருக்கு உள்ளே இருப்பவரின் தலை தெரியாது. உள்ளே இருப்பவருக்கு வானம் மட்டும் தெரியும்.

சுவரில் நீல நிறப் பீங்கான் தட்டுகள் வரிசையாக மாட்டியிருந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். அவை கிறிஸ்துமஸ் தட்டுகள். பிங் அண்ட் கிரொண்டால் என்ற பீங்கான் நிறுவனம் 1895-இல் முதல் தட்டை வெளியிட்டது. அதிலிருந்து ஆண்டுக்கு ஒன்று, ஆண்டு எண்ணோடு. ஒரு தட்டில் பனி மூடிய தேவாலயம், இன்னொன்றில் துறைமுகம். வயதான வாடிக்கையாளர்களுக்கு அந்த வரிசையில் தங்கள் பிறந்த வருடம் எங்கே இருக்கிறது என்று தெரியும். உங்கள் வருடத்தைத் தேடிக்கொண்டு நின்றாலே யாராவது பேச்சுக் கொடுப்பார்கள்.

பழமை என்றால் தலைநகரில் சில பெயர் பெற்ற இடங்கள் இருக்கின்றன. கோபன்ஹேகனில் ஹ்வீட்ஸ் வின்ஸ்டுவ 1723 முதல் நடக்கிறது. போபி பார் 1917-இல் தொடங்கியது. இரண்டும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அங்கே சுற்றுலாக்காரர்களும் வருகிறார்கள். இந்த வழிகாட்டி பெயர் தெரியாத, வழிகாட்டிப் புத்தகத்தில் வராத தெருமுனை இடங்களுக்கானது.

அந்த 1917-ஆம் ஆண்டு இன்னொரு வகையிலும் முக்கியம். முதல் உலகப்போரில் தானியம் தட்டுப்பட்டபோது டேனிஷ் அரசு சாராய வகைகள் மீது கடுமையான வரி போட்டது. ஏறக்குறைய 1 குரோனருக்கு விற்ற ஸ்னாப்ஸ் பாட்டில் ஒரே அடியாக 11 குரோனர் ஆனது. உழைக்கும் சனம் ஸ்னாப்ஸை விட்டுப் பீருக்கு மாறியது. இன்று போடேகாவில் மேசைக்கு மேசை பீர் பாட்டில் நிற்பதற்கும், நெருப்புச் சரக்கு ஒரு சின்னக் கண்ணாடியோடு நின்றுவிடுவதற்கும் அந்த வரி ஒரு பெரிய காரணம்.

முதல் படி: இடத்தைக் கண்டுபிடிப்பது

கடைவீதியின் நடுவில் தேடாதீர்கள். ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெரு, துறைமுகத்துக்குப் போகும் வழி, பழைய தொழிற்சாலை இருந்த பகுதி, தொழிலாளர் குடியிருப்பின் முனை, இங்கேதான் இருக்கும். பெயர்ப் பலகையில் போடேகா, வின்ஸ்டுவ, க்ரோ, சில சமயம் வெறுமனே கஃபே என்று இருக்கும். பலகையின் ஓரத்தில் ஒரு பீர் நிறுவனத்தின் முத்திரை இருக்கும். குட்டைத் திரையும் அந்த முத்திரையும் சேர்ந்திருந்தால் சரியான இடம். வாசலில் சாக்கட்டியால் காக்டெயில் பட்டியல் எழுதி வைத்திருந்தால் அது வேறு ஜாதி. நல்ல இடமாகவே இருக்கலாம், ஆனால் நாம் தேடுவது அது இல்லை.

வெளியிலிருந்து பார்த்தால் பூட்டிக் கிடப்பது போலத்தான் தெரியும். தயங்க வேண்டாம். கதவைத் தள்ளிப் பாருங்கள்.

இரண்டாவது படி: நேரமும் கையில் வைத்துக்கொள்ள வேண்டியதும்

முதல் தடவைக்கு வெள்ளி, சனி இரவு வேண்டாம். பாட்டும் கூச்சலுமாக இருக்கும். உங்களைக் கவனிக்க யாருக்கும் நேரம் இருக்காது. வார நாளில் பிற்பகல் 3 முதல் 5 மணி வரைதான் நல்ல நேரம். டென்மார்க்கில் வாரத்துக்கு 37 மணி நேரம் வேலை என்பது பொதுவான கணக்கு. கைத்தொழில்காரர்கள் காலையில் சீக்கிரம் தொடங்கி 3 மணிக்கெல்லாம் முடித்துவிடுவார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பீர் குடிப்பதற்கு ஃபியூராஃப்டன் பீர் என்று தனிப் பெயரே இருக்கிறது. அந்தக் கூட்டத்தோடு போய் உட்காருவது எளிது. டிசம்பரில் ஓடென்ஸவில் 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வெளியே ஈரக் குளிரும் இருட்டும் சேர்ந்திருக்கும்போது அந்த மஞ்சள் விளக்குக்குக் கீழே உட்காருவதன் சுகம் தனி.

நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்றைக்கு ஜே-நாள். டுபோர்க் நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் பீர் சரியாக இரவு 8.59-க்கு வெளிவரும், நீலத் தொப்பி போட்ட கூட்டம் ஊர் முழுக்க அலையும். ஒரு தடவை பார்க்கலாம், ஆனால் முதல் தடவையாக வேண்டாம்.

கையில் கொஞ்சம் ரொக்கம் வையுங்கள். டென்மார்க்கில் எங்கும் அட்டை செல்லும் என்று நம்பி வந்தவர்கள் போடேகாவில்தான் மாட்டுவார்கள். உள்ளூர்க்காரர்கள் மொபைல்பே செயலியில் கட்டிவிடுவார்கள். அதற்கு டேனிஷ் வங்கிக் கணக்கு வேண்டும். விருந்தினராக வந்தவரால் பெரும்பாலும் முடியாது. இருநூறு முந்நூறு குரோனர் இருந்தால் ஒரு மாலைக்குத் தாராளம். யூரோவுக்கும் குரோனருக்கும் மாற்று விகிதம் பெரிதாக அசையாது, 1 யூரோவுக்கு ஏறக்குறைய 7.46 குரோனர். வீட்டில் பழைய 1,000 குரோனர் நோட்டு யாராவது கொடுத்திருந்தால் அதை எடுத்துப் போகாதீர்கள்; 2025 மே 31-க்குப் பிறகு அது செல்லாது.

சட்டப்படி மதுக்கூடத்தில் மது வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். இளமையாகத் தெரிகிறவர்கள் அடையாள அட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் புகை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2007 ஆகஸ்ட் 15 முதல் டென்மார்க்கில் மூடிய பொது இடங்களில் புகைக்கத் தடை. ஆனால் பரிமாறும் இடம் 40 சதுர மீட்டருக்கும் குறைவாக இருந்து, சாப்பாடு என்று பெரிதாக எதுவும் கொடுக்காத மதுக்கூடங்களுக்கு விலக்கு உண்டு. அதனால் பல சின்ன போடேகாக்களில் இன்றும் உள்ளேயே புகைக்கிறார்கள். சாப்பாடு கிடைக்காததற்கும் இதுவே காரணம். ஆஸ்துமா இருப்பவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் தயவுசெய்து புகை இல்லாத இடமாகக் கேட்டுப் போங்கள். மற்றவர்கள் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு கிளம்புங்கள். உள்ளே வறுத்த வேர்க்கடலையும், பன்றித் தோலைப் பொரித்த வறுவலும்தான் கிடைக்கும். துவைக்க எளிதான சட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது படி: கதவைத் திறந்ததும்

கதவைத் திறந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். முதல் தடவை எனக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. அந்தப் பார்வையில் பகை எதுவும் இல்லை. தினமும் அதே எட்டுப் பத்துப் பேர் வரும் இடம். வந்தது அவர்களில் யார் என்று பார்க்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: கதவை நன்றாகச் சாத்துங்கள், குளிர் உள்ளே வரக் கூடாது. பொதுவாக எல்லோரையும் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு "ஹை" சொல்லுங்கள். நேராகக் கவுண்டருக்குப் போங்கள்.

மேசையில் போய் உட்கார்ந்து யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். கவுண்டரில் நின்று கேட்டு வாங்கி, அங்கேயே காசு கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர்கள் கணக்கில் எழுதச் சொல்லிவிட்டுப் போவார்கள். புதியவர் ஒவ்வொன்றுக்கும் உடனே கொடுத்துவிடுவதே மரியாதை. டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சில்லறையை அப்படியே விட்டால் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் பெரும்பாலும் ஒரு நடுவயதுப் பெண்ணாக இருப்பார். அங்கே எல்லாவற்றுக்கும் அவர்தான். யாருக்கு இனிமேல் ஊற்றக் கூடாது, யாருக்கு டாக்ஸி கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நமக்கு வாயில் "அக்கா" என்று வரும். அங்கே அந்த வழக்கம் இல்லை. 25 வயதுப் பையனும் 80 வயதுப் பெரியவரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். மரியாதைப் பன்மை டேனிஷில் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. அவர் தன் பெயரைச் சொன்னால் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள், அது அவமரியாதை ஆகாது.

எங்கே உட்காருவது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு மேசை இருக்கும், பெரும்பாலும் வட்ட மேசை. காலியாக இருந்தாலும் அது காலி இல்லை. அது நிரந்தர வாடிக்கையாளர்களின் மேசை. மூலையில் ஒரு நாற்காலி யாரோ ஒருவருக்கானதாக இருக்கும், அவர் 4.10-க்கு வருவார். அதனால் எங்கே உட்காருவதானாலும் கேட்டுவிடுங்கள்: "எர் ஹேர் லேதித்?" இங்கே காலியா என்று பொருள். டேனிஷில் வெளிநாட்டுக்காரர்கள் திண்டாடும் ஒரு மென்மையான ஒலி உண்டு. நமக்கு அது கஷ்டமே இல்லை. "அது" என்று சொல்லும்போது வரும் தகரத்துக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. லேதித் என்பதைத் தமிழில் படிப்பது போலவே படியுங்கள். எதிரில் இருப்பவரின் புருவம் உயரும்.

முதல் நாளுக்குக் கவுண்டர் ஓரத்து ஸ்டூல்தான் சிறந்த இடம். தனியாகப் போகும் பெண்களுக்கும் அதையே சொல்வேன். கவுண்டரில் இருப்பவரின் கண் அங்கே எப்போதும் இருக்கும்.

நான்காவது படி: என்ன கேட்பது

பட்டியல் கேட்காதீர்கள், பெரும்பாலும் இருக்காது. குளிர்பெட்டியைப் பார்த்துக் கேளுங்கள். 33 சென்டிலிட்டர் பாட்டில் பீர்தான் இங்கே அடிப்படை. பாட்டில் பீரைப் பேச்சுவழக்கில் "பையர்" என்பார்கள், பவேரிய பீர் என்பதன் சுருக்கம். கார்ல்ஸ்பெர்க் நிறுவனர் யாகப்சன் 1845-இல் மியூனிக்கிலிருந்து ஈஸ்ட்டை வாங்கிக் குதிரை வண்டியில் கொண்டுவந்தார்; வழியில் வண்டி நின்ற இடமெல்லாம் இறங்கித் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தாராம். அந்த பவேரிய முறைப் பீரின் பெயர் தேய்ந்து இன்று எந்த பாட்டில் பீருக்கும் பெயராக நிற்கிறது.

பச்சை லேபிள் டுபோர்க்கை "க்ரோன்" என்பார்கள், பச்சை என்று பொருள். 1880-இல் வந்த, பில்ஸ்னர் என்ற வெளிர்நிற வகைப் பழைய பீர் அது. கார்ல்ஸ்பெர்க் பில்ஸ்னரை "ஹோஃப்" என்பார்கள், அரசவை என்று பொருள். அரண்மனைக்குப் பீர் கொடுத்த உரிமை 1904 முதல் அந்தப் பெயரில் இருக்கிறது. "என் க்ரோன், தாக்" என்றால் ஒரு பச்சை கொடுங்கள், நன்றி. இரண்டிலும் ஆல்கஹால் 4.6 சதவீதம். குழாயில் பிடித்துத் தருவது வேண்டுமானால் "ஃபாதோல்".

ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பீரைக் கேளுங்கள் என்பேன். ஓடென்ஸவில் அது ஆல்பனி. 1859-இல் தொடங்கிய ஆலை. அவர்களுடைய ஜிராஃப் பீருக்கு ஒரு கதை உண்டு. ஓடென்ஸ விலங்குக்காட்சிச் சாலையின் ஒட்டகச்சிவிங்கியை ஆல்பனி தன் விளம்பரத்தில் காட்டி வந்தது. 1962-இல் அது இறந்துபோனது. புதிதாக ஒட்டகச்சிவிங்கி வாங்கப் பணம் சேர்க்க, ஆலை ஒரு வலுவான பீர் காய்ச்சி அதன் பெயரிலேயே விற்றது. இன்றும் லேபிளில் அந்த நீளக் கழுத்து இருக்கிறது. ஓடென்ஸவில் யாரிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள், தங்கள் வீட்டு மாட்டைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வார்கள். ஒன்று மட்டும்: அது 7 சதவீதத்துக்கும் மேல். முதல் பாட்டிலாக அதை எடுக்காதீர்கள்.

மேசையில் சின்னக் கண்ணாடிகளில் பழுப்பாக ஏதாவது இருந்தால் அது கம்மல் டான்ஸ்க் ஆக இருக்கலாம். 1964-இல் வந்தது, 38 சதவீதம், 29 மூலிகைகளும் வாசனைப் பொருள்களும் சேர்த்தது. வெளிநாட்டுக்காரர்கள் குடித்ததும் முகத்தைச் சுளிப்பார்கள். நிலவேம்புக் கஷாயம் குடித்து வளர்ந்தவர்களுக்கு அது ஒன்றும் புதிதில்லை. நான் முகம் மாறாமல் விழுங்கியதைப் பார்த்து ஒரு பெரியவர் மேசையைத் தட்டினார். அன்றிலிருந்து அவர் என்னைப் பார்த்தால் தலையசைப்பார்.

குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம். காபி கேளுங்கள், இல்லையென்றால் ஃபாக்ஸ கொண்டி என்ற உள்ளூர் எலுமிச்சைச் சோடா. டான்ஸ்க்வான் என்றால் வாயு ஏற்றிய வெறும் தண்ணீர். ஏன் குடிக்கவில்லை என்று யாரும் கேட்டு நச்சரித்து நான் பார்த்ததில்லை. கார் ஓட்டி வந்தவர் காபி குடிப்பது அங்கே சாதாரணம்.

"ஸ்கோல்" சொல்லும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பாருங்கள். கிளாஸை உயர்த்தும்போது ஒரு முறை, குடித்துக் கீழே வைக்கும் முன் இன்னொரு முறை. நமக்குப் பெரியவர்களைக் கண்ணுக்குக் கண் பார்ப்பது கூச்சமாக இருக்கும். அங்கே பார்க்காமல் குடித்தால்தான் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

யாராவது உங்களுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால் அடுத்து நீங்கள் அவருக்கு வாங்குங்கள். தள்ளிப் போடாதீர்கள். கிளம்பும் எண்ணம் இருந்தால் முதலிலேயே "இல்லை, நன்றி" சொல்லிவிடுவது மேல்.

ஐந்தாவது படி: பகடை

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி. கவுண்டர் ஓரத்தில் தோலால் செய்த குவளைகள் கவிழ்த்து வைத்திருக்கும். ராஃப்லபேயர் என்று பெயர். உள்பக்கம் பச்சையோ சிவப்போ துணி ஒட்டியிருக்கும். வெளித்தோல் கைபட்டுக் கைபட்டுக் கறுத்து, விளிம்பு மட்டும் வெளிறி இருக்கும். குலுக்கி மேசையில் கவிழ்த்தால் "டொப்" என்று ஒரு சத்தம். நாள் முழுக்க அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மொழி வேண்டாத சினேகம் இந்தக் குவளையில்தான் தொடங்குகிறது. கவுண்டரில் கேட்டால் காசு வாங்காமல் கொடுப்பார்கள்.

கற்றுக்கொள்ள வேண்டிய ஆட்டம் மையர். இரண்டு பகடை, ஒரு குவளை போதும். இரண்டு பகடையில் பெரிய எண்ணை முன்னால் வைத்துப் படிக்க வேண்டும்: 4-உம் 6-உம் விழுந்தால் 64. வரிசை இப்படி: எல்லாவற்றுக்கும் மேலே 21, அதுதான் மையர். அடுத்து 31, சின்ன மையர். அதற்குக் கீழே இரட்டைகள், 66-இலிருந்து 11 வரை. அப்புறம் 65, 64, 63 என்று இறங்கிக் கடைசியில் 32. சில மேசைகளில் 32 விழுந்தால் எல்லோரும் சேர்ந்து "ஸ்கோல்" சொல்லிவிட்டு மறுபடி உருட்டுவார்கள். உட்காரும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு 6 உயிர். முதல் ஆள் குலுக்கிக் கவிழ்த்து, விளிம்பைக் கொஞ்சம் தூக்கித் தான் மட்டும் பார்த்து, ஓர் எண்ணைச் சொல்லிக் குவளையை அடுத்தவரிடம் தள்ளுவார். சொன்ன எண் உண்மையாகவும் இருக்கலாம், புளுகாகவும் இருக்கலாம். அடுத்தவருக்கு இரண்டு வழி. நம்பினால் அவர் குலுக்கி, அதற்குச் சமமாகவோ மேலாகவோ ஓர் எண் சொல்ல வேண்டும். நம்பாவிட்டால் குவளையைத் தூக்கிக் காட்ட வேண்டும். புளுகு என்றால் சொன்னவருக்கு ஓர் உயிர் போகும். உண்மையாக இருந்தால் தூக்கியவருக்குப் போகும். மையர் என்று சொன்னதில் சிக்கினால் இரண்டு உயிர்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. குலுக்கிவிட்டுத் தானும் பார்க்காமல் "டே எலர் டேரோவர்" என்று சொல்லித் தள்ளிவிடலாம். அதுவோ அதற்கு மேலோ என்று பொருள். இதைச் சரியான நேரத்தில் சொன்னால் மேசையில் ஒரு சிரிப்பு எழும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆட்டம் பிடிபடும். இரண்டு பகடையில் மொத்தம் 36 விதம். 65-ஓ அதற்கு மேலோ விழ 12 விதம், அதாவது மூன்றில் ஒன்று. 66-ஓ அதற்கு மேலோ விழ 5 விதம்தான், ஏழில் ஒன்றுகூட இல்லை. ஆகவே 65 வரை யார் சொன்னாலும் நம்பலாம். எண் இரட்டைகளில் ஏறிப் பெரிய இரட்டைகளை நெருங்கும்போதுதான் தூக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆனால் கணக்கு பாதிதான். எதிரில் இருக்கும் ஆள் முப்பது வருடமாக அதே நாற்காலியில் உட்கார்ந்து புளுகியவர். அவர் 42 என்று சொல்வதையும் மையர் என்று சொல்வதையும் ஒரே முகத்தோடு சொல்வார். நான் நான்கு வாரம் தோற்றேன். ஐந்தாவது வாரம் ஒரு பெரியவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நீ பொய் சொல்லும்போது குவளையை மெதுவாகத் தள்ளுகிறாய்." அப்படிச் சொல்லிக் கொடுத்துவிட்டு அன்றைக்கும் என்னைத் தோற்கடித்தார்.

தோற்றவர் அடுத்த சுற்று வாங்குவது வழக்கம். பணம் வைத்து ஆட அழைத்தால் மறுத்துவிடுங்கள், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். பகடையை மேசைக்குக் கீழே விழவிடாதீர்கள்.

சில இடங்களில் நடுவே ஐந்து சின்னக் கட்டைகள் நிற்கும் பில்லியர்ட்ஸ் மேசையும் இருக்கும். டேனிஷ்காரர்களின் சொந்த ஆட்டம். அழைக்காமல் கோலைத் தொட வேண்டாம். பார்ப்பதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

ஆறாவது படி: பேச்சு

பேச்சைத் துருவாதீர்கள். சம்பளம், திருமணம், எத்தனை பிள்ளைகள் என்று நாம் முதல் ஐந்து நிமிடத்தில் கேட்பதையெல்லாம் அவர்கள் மூன்றாவது மாதத்தில்தான் கேட்பார்கள். வானிலை, கால்பந்து, சுவரில் இருக்கும் கப்பல் படம், இவை போதும். ஓடென்ஸவில் கப்பல் படத்தைப் பற்றிக் கேட்டால் சில சமயம் பெரிய கதவு திறக்கும். ஊருக்கு வெளியே லின்டோவில் இருந்த கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர்கள் நிறைய. 2006-இல் எம்மா மேர்ஸ்க் என்ற கப்பல் அங்கிருந்து இறங்கியபோது உலகிலேயே பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல் அதுதான். 2012-இல் தளம் மூடிவிட்டது. அதில் வெல்டிங் செய்த ஒருவர் அந்தக் கப்பலின் நீளத்தைத் தெருக்கணக்கில் எனக்கு அளந்து காட்டினார்: இந்த வாசலில் தொடங்கினால் அந்தத் தேவாலயத்தையும் தாண்டிப் போகும் என்று. நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கையால் காட்டினார்.

எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால் தமிழ் என்ற சொல்லைச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். 1980-களில் ஈழத்திலிருந்து அகதிகளாக வந்த தமிழர்களின் குடும்பத்தார் டென்மார்க்குக்கு வருவதை அன்றைய நீதி அமைச்சர் சட்டத்தை மீறி நிறுத்தி வைத்தார். அது வெளியில் வந்து, 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஸ்லூட்டர் பதவி விலகினார். அந்த அமைச்சர் 1995-இல் தண்டிக்கவும்பட்டார். டேனிஷ்காரர்கள் அதைத் தமிழர் வழக்கு என்றே சொல்கிறார்கள். "உங்கள் ஆட்களால் ஓர் அரசாங்கமே போனது" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. தன் நாடு தன் தவறைக் கண்டுபிடித்ததைச் சொல்கிற குரல் அது. படித்த சிலருக்கு டிராங்கபார் என்ற பெயரும் தெரியும். தரங்கம்பாடிதான், 1620 முதல் 1845 வரை டேனிஷ் கொடி பறந்த ஊர்.

எப்போதும் இப்படி இனிமையாகவே இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஓர் இடத்தில், நன்றாகக் குடித்திருந்த ஒருவர் என் நிறத்தைப் பற்றி ஏதோ சொன்னார். நான் பதில் சொல்லவில்லை, கவுண்டரில் நின்றவரைப் பார்த்தேன். அவர் துண்டைக் கீழே வைத்துவிட்டு அந்த ஆளிடம் போய் இரண்டே சொல் சொன்னார். ஆள் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்படி ஒன்று நடந்தால் நீங்களே வாதாட வேண்டாம். கவுண்டரில் சொல்லுங்கள். அங்கே யாரும் கேட்கவில்லை என்றால் அந்த இடம் உங்களுக்கு வேண்டாம், ஊரில் வேறு போடேகா இருக்கிறது.

கூடாதவை

கவுண்டருக்கு மேலே ஒரு பித்தளை மணி தொங்கும். அழகாக இருக்கும், கயிறு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். தொடாதீர்கள். அதை அடித்தால் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் ஒரு சுற்று நீங்கள் வாங்கித் தருகிறீர்கள் என்று அர்த்தம். தெரியாமல் அடித்தேன் என்று சொன்னால் சிரிப்பார்கள், ஆனாலும் கிளாஸை நீட்டுவார்கள்.

கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அங்கே இருப்பவர்களில் சிலர் வீட்டில் சொல்லாமல் வந்திருப்பார்கள். காசு போட்டு ஆடும் இயந்திரத்தில் ஒருவர் ஆடிக்கொண்டிருந்தால் பின்னால் போய் நிற்காதீர்கள். ஆறு ஏழு பேராகக் கும்பலாகப் போகாதீர்கள். இரண்டு பேர் நல்லது, ஒருவர் இன்னும் நல்லது. ஒரு மேசையில் சின்னதாக டேனிஷ் கொடி நட்டிருந்தால் அங்கே யாருக்கோ பிறந்தநாள். வாழ்த்துச் சொல்லுங்கள், கேட்காமல் போய் உட்கார வேண்டாம்.

ஏழாவது படி: கிளம்பும்போது

முதல் நாள் இரண்டு பீர், ஒன்றரை மணி நேரம், அதோடு போதும். காலி பாட்டிலையும் கிளாஸையும் நீங்களே எடுத்துக் கவுண்டரில் வையுங்கள். நாற்காலியை உள்ளே தள்ளுங்கள். "தாக் ஃபோ இ டே" என்றால் இன்றைக்கு நன்றி. அப்புறம் எல்லோருக்கும் பொதுவாக "ஹை ஹை". வரும்போது ஒரு ஹை, போகும்போது இரண்டு.

கார் ஓட்டக் கூடாது, இரத்தத்தில் ஆல்கஹால் 0.5 புரோமிலுக்கு, அதாவது ஆயிரத்தில் அரைப் பங்குக்கு, மேல் போனால் குற்றம். சைக்கிள்தானே என்றும் நினைக்காதீர்கள். நிதானமாக ஓட்ட முடியாத நிலையில் சைக்கிள் ஓட்டினாலும் போலீஸ் அபராதம் போடும். ஓடென்ஸவில் 2022 முதல் டிராம் ஓடுகிறது. நடந்தே போனாலும் நல்லதுதான், அந்தக் குளிர் தலையைத் தெளிவாக்கிவிடும்.

அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரத்துக்குப் போங்கள். மூன்றாவது தடவை உங்கள் பீரின் பெயரை நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது. ஐந்தாறு தடவைக்குப் பிறகு யாராவது ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிக் குவளையை உங்கள் பக்கம் நகர்த்துவார்கள். வீட்டுக்கு வந்ததும் கோட்டைப் பால்கனியில் தொங்கவிடுங்கள். ஓர் இரவில் புகை வாசனை பாதி போய்விடும், மீதிக்கு இன்னொரு நாள் ஆகும்.